ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் கடை "அக்ஸசிபிள்" ஆகிவிடுமா? முதலாளிக்கு என்ன சொல்வது?

நீலமேசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் விளக்கு விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் ஃப்ரன்ட் எண்ட் வேலை பார்க்கிறேன். மொத்தம் 22 பேர், அதில் கோடு (code) எழுதுவது நானும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் இன்னொருவரும்தான். கடை 2019-இல் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கட்டியது. கட்டியவர் எப்போதோ போய்விட்டார், அவர் விட்டுப்போனதற்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கூட அனுப்புகிறோம்.

போன வாரம் முதலாளிக்கு ஒரு விற்பனை மெயில் வந்தது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிற மாதிரி தளங்கள் இருக்க வேண்டும் என்பது) 28 ஜூன் 2025 முதல் அமலில் இருக்கிறது, உங்கள் தளம் அதை மீறுகிறது, ஜெர்மனியில் அபராதம் ஒரு லட்சம் யூரோ வரை போகும், எங்கள் ஸ்கிரிப்டை ஒரே ஒரு வரி சேர்த்தால் 48 மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று. பக்கத்தின் மூலையில் ஒரு நீல வட்டம் வரும், அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், அவ்வளவுதான். மாதச் சந்தா. முதலாளி "போட்டுவிடு, தலைவலி விட்டது" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் தெரியவில்லை.

இந்தச் சட்டம் எங்கள் அளவுக் கடைக்கு உண்மையிலேயே பொருந்துமா? அந்த வட்டம் போதுமா? போதாது என்றால், இந்தப் பழைய கோடை வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது?

காதால்வாசி எழுதியது:

தம்பி, அந்த நீல வட்டத்தைப் பற்றி நான் முதலில் சொல்லிவிடுகிறேன், சட்டம் தெரிந்தவர்கள் பின்னால் வரட்டும். எனக்குப் பார்வை இல்லை. நெதர்லாந்தில் இருக்கிறேன், கணினியில் என்விடிஏ, போனில் வாய்ஸ்ஓவர், இரண்டும் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர்கள். எழுத்தைப் பெரிதாக்கி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய எழுத்து தேவைப்படுகிறவர்களும் அதைத் தங்கள் பிரௌசரிலோ விண்டோஸிலோ எப்போதோ தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டா உள்ளே போவார்கள்? அந்த வட்டம் போட்ட சில தளங்களில் பக்கம் திறந்ததுமே "ஸ்க்ரீன் ரீடர் பயன்முறைக்கு இந்த விசையை அழுத்துங்கள்" என்று வரும். அதையே நான் ஸ்க்ரீன் ரீடரில்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

போன மாதம் நானும் ஒரு மேசை விளக்குதான் வாங்கப் போனேன். (உனக்கெதற்கு விளக்கு என்று கேட்காதீர்கள், மகள் படிப்பதற்கு.) எந்தக் கடை என்பது வேண்டாம். பக்கம் ஏறியதும் எச் விசையைத் தட்டினேன், என்விடிஏயில் அது அடுத்த தலைப்புக்குத் தாவும். அடுத்த தலைப்பு இல்லை என்றது. கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரிகிற பெரிய எழுத்துகள் இருந்தனவாம், ஆனால் கோடில் அவை வெறும் டிவ், அதாவது தான் என்ன என்று சொல்லாத வெற்றுப் பெட்டி. சரி, பி விசை, பட்டன்களைத் தேடலாம் என்று. "பட்டன்". "பட்டன்". "பட்டன்". ஐந்து முறை, பெயரே இல்லாமல். மகளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவை விளக்கின் நிறங்களாம். குத்துமதிப்பாக மூன்றாவதை அழுத்தினேன். அப்புறம் கூடையில் சேர்க்கும் பட்டன். நல்லவேளை அதற்குப் பெயர் இருந்தது. அழுத்தினேன், சத்தமே இல்லை. திரும்ப அழுத்தினேன். இல்லை. இன்னொரு முறை. மேலே மூலையில் ஒரு சின்ன எண் மாறிக்கொண்டிருந்திருக்கிறது, அதை என் ஸ்க்ரீன் ரீடருக்கு யாரும் சொல்லவில்லை. கூடையைத் திறந்தால் மூன்று விளக்கு.

அத்தோடு விட்டதா? பக்கம் முழுக்க டச்சு, ஆனால் கோடின் முதல் வரியில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருந்தது, டெம்ப்ளேட்டோடு வந்ததை யாரும் மாற்றவில்லை போல. ஸ்க்ரீன் ரீடர் அந்தக் குறியைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும். கூடைக்கு டச்சில் விங்கெல்வாஹென் என்பார்கள், அதை அது "விங்கிள் வேகன்" என்று ஆங்கில வாயால் படிக்கிறது. முகவரியில் ஏதோ தப்பு, பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் வந்ததாம். எனக்குக் கோடும் தெரியாது, சிவப்பும் தெரியாது. மூன்று முறை அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மகள் தன் போனில் வாங்கிக்கொண்டாள்.

இதில் எதை அந்த வட்டம் சரி செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

மூலைக்கல் எழுதியது:

சட்டத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸில் இருக்கிறேன், தளங்களைச் சோதிப்பதுதான் தொழில்.

இந்த ஐரோப்பியச் சட்டம் 2019/882 என்ற எண் கொண்ட உத்தரவு. அது நேராகக் கடைக்காரர் தலையில் விழாது, ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும், ஜெர்மனி எழுதிக்கொண்டதுதான் பிஎஃப்எஸ்ஜி. அரசுத் தளங்களுக்கு 2016-லேயே தனி உத்தரவு வந்துவிட்டது. புதியது தனியாரைப் பிடிக்கிறது: நுகர்வோருக்கு விற்கும் ஆன்லைன் கடை, வங்கிச் சேவை, மின்நூல், தொலைபேசிச் சேவை, பயணச் சீட்டு, கணினி, ஸ்மார்ட்போன், ஏடிஎம் என்று. சேவை தரும் மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், கூடவே ஆண்டு வரவோ சொத்து மதிப்போ 20 லட்சம் யூரோவைத் தாண்டக் கூடாது. நீங்கள் 22 பேர், ஆக பொருந்தும். கணக்காளரிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை.

இதற்குள் யாராவது உங்கள் முதலாளியிடம் "2030 வரை நேரம் இருக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள். வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் அதைச் சொல்கிறார்கள். அந்த அவகாசம் ஏற்கனவே பயன்பாட்டில் இருந்த பொருள்களை, அதாவது கருவிகளை வைத்துச் சேவை தருவதற்கும், முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கும். சீட்டு இயந்திரம் மாதிரியானவற்றுக்கு இன்னும் நீளமான கயிறு, ஜெர்மனியில் 15 வருடம் வரை பழையதையே வைத்திருக்கலாம், உத்தரவு 20 வருடம் வரை விட்டுக்கொடுக்கிறது (இது எனக்கு எரிச்சல்தான், ஆனால் எழுதியிருப்பது அப்படி). கடையின் தளம் கருவி அல்ல. 2025 ஜூனுக்கு முன் ஏற்றிய பழைய வீடியோ, பழைய பிடிஎஃப் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பணம் கட்டும் வழிக்கு இல்லை.

வட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய மாற்றுத்திறனாளிகள் மன்றமும் அணுகல்தன்மை வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமும் 2023-இல் சேர்ந்தே அறிக்கை விட்டன, இந்த மாதிரி மேல்பூச்சுகள் ஒரு தளத்தை அணுகத்தக்கதாகவோ சட்டத்துக்கு உட்பட்டதாகவோ ஆக்கிவிடாது, பயனரின் சொந்தக் கருவிகளுக்கு இடைஞ்சலும் செய்யக் கூடாது என்று. அமெரிக்காவிலும் இப்படி "தானாகவே எல்லாம் சரி" என்று விளம்பரம் செய்த ஒரு கம்பெனி 2025-இல் வணிக ஆணையத்திடம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. முதலாளிக்கு இந்த இரண்டையும் அனுப்புங்கள். சந்தா கட்டியும் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அவருக்கு உறைக்கும்.

எங்கே ஆரம்பிப்பது? மௌஸைக் கழற்றி டிராயருக்குள் வைத்துவிட்டு, டாப் (Tab) விசையையும் என்டரையும் மட்டும் வைத்து உங்கள் கடையில் ஒரு விளக்கு வாங்குங்கள். நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன், ஏனென்றால் யாரோ ஒரு டிசைனர் "அந்த நீலக் கோடு அசிங்கமாக இருக்கிறது" என்று, நிற்கிற இடத்தைச் சுற்றிக் காட்டும் ஔட்லைனைச் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடு) எடுத்திருப்பார். அதைத் திரும்பப் போடுங்கள். கிளிக் வைத்த டிவ் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அசல் பட்டனாக மாற்றுங்கள். அசல் பட்டன் என்றால் டாப் அடித்தால் அதில் நிற்கும், என்டர், ஸ்பேஸ் இரண்டும் வேலை செய்யும், ஸ்க்ரீன் ரீடருக்குத் தான் யார் என்று சொல்லும், எல்லாம் பிரௌசரே தருகிறது. டிவ்வை வைத்துக்கொண்டு அதே வேலையை ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள் எழுதப் போனால் ஒன்றை மறப்பீர்கள். நான் சோதிக்கும் தளங்களில் பாதித் தொல்லை இது ஒன்றுதான்.

அளவுகோல் ஈஎன் 301 549 என்ற ஐரோப்பியத் தரநிலை, வலைத்தளங்களுக்கு அதற்குள் இருப்பது டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அணுகல் விதிகளின் 2.1 பதிப்பு, ஏஏ நிலை (மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது). 2023-இல் 2.2 வந்துவிட்டது, புதிதாகச் செய்கிறவர் அதையே பார்த்துச் செய்வது நல்லது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைமேல் 777777 என்ற குறியீடு கொண்ட சாம்பல் 4.48, தேறாது. 767676 போட்டால் 4.54, தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே டிசைனர் சண்டைக்கு வந்தால் தைரியமாக நில்லுங்கள். கூகுளின் தானியங்கிச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸ் 100-க்கு 100 காட்டுகிறது என்று மட்டும் முதலாளியிடம் போய்விடாதீர்கள். படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும், அதில் "விளக்கு விளக்கு விளக்கு" என்று எழுதியிருந்தாலும் பாஸ் போட்டுவிடும்.

சின்னக்கடை எழுதியது:

நானும் ஜெர்மனியில்தான், ஆறு பேர் வைத்து நடத்துகிறேன், எனக்கு விலக்கு. இருந்தும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து வருடத்தில் பார்வை இல்லாத வாடிக்கையாளர் ஒருவர்கூட எனக்கு எழுதியதில்லை. குக்கீ அறிவிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், யாருக்கு என்ன நன்மை? இப்போது இது. சின்னக் கடைக்காரன் வாரத்துக்கு ஒரு சட்டம் படித்துக்கொண்டிருந்தால் பெட்டி கட்டுவது யார்? பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கிறது, செய்வார்கள்.

காதால்வாசி எழுதியது:

கோபம் எதற்கு அண்ணா, நியாயமான கேள்விதான். ஒன்று மட்டும் பாருங்கள்: உங்களுக்கு எழுதும் படிவத்தில் கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்து டைப் செய்யச் சொல்லும் கேப்சா இருக்கிறதா? இருந்தால் நான் எழுதாததற்குக் காரணம் அதுதான். படம் பார்க்கத் தெரிந்தவர்களின் மெயில் மட்டும்தான் உங்களுக்கு வந்து சேரும்.

குக்கீ அறிவிப்பில் நான் உங்கள் பக்கம். பாதித் தளங்களில் அது கோடின் கடைசியில் உட்கார்ந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு முன்னால் நிற்கும். கீபோர்டில் வருகிறவர் அதற்குப் பின்னால் மூடப்பட்ட பக்கத்தில் டாப் அடித்துக்கொண்டே போவார்.

இன்னொன்று, கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. நம் ஆட்கள் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று எல்லாவற்றையும் படமாக அடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். எனக்கு "படம்" என்று கேட்கும், அவ்வளவுதான். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

மூலைக்கல் எழுதியது:

சின்னக்கடை, ஐரோப்பிய ஆணையம் சொல்லும் கணக்குப்படி ஒன்றியத்தில் ஏதாவது ஒரு வகை மாற்றுத்திறன் உள்ளவர்கள் சுமார் 8 கோடி 70 லட்சம் பேர். ஜெர்மனியின் மொத்த மக்கள் தொகையை விட அதிகம். பார்வை இல்லாதவர் மட்டும் அல்ல, கை நடுங்குகிறவர், காது கேளாதவர், படிக்கும்போது எழுத்து குழம்புகிறவர் எல்லாரும் சேர்த்து. அவர்களும் விளக்கு வாங்குவார்கள். நீங்கள் விலக்கில் இருப்பது சரிதான், ஆனால் பத்தாவது ஆளை வேலைக்கு எடுக்கும் நாளில் இந்த இழையைத் திரும்பத் தேடுவீர்கள்.

தறிக்காரி எழுதியது:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், நானும் கொஞ்சம் இடம் கேட்கிறேன். அயர்லாந்தில் இருக்கிறேன், முப்பது வயதுக்குப் பிறகு காது போனது. தளம் பார்ப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. சிரமம் தளத்திலிருந்து வெளியே தள்ளும்போது வரும். ஒரு முறை என் வங்கி அட்டையை முடக்கிவிட்டார்கள் (எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை), திறக்க வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று செயலியில் வருகிறது. வேறு வழியே இல்லை. சாட் செய்தால் பாதுகாப்புக் காரணமாக அழைக்கவும் என்று அதே எண்ணைத் தருகிறார்கள். கணவர் அழைத்தார், அட்டை உரிமையாளரிடம்தான் பேசுவோம் என்றார்கள். போனை என் காதில் வைத்து என்னை ஆமாம் என்று சொல்ல வைத்தோம், எதற்கு ஆமாம் என்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே நீலமேசை, உங்கள் கடையின் வாடிக்கையாளர் சேவை போன் மட்டும்தானா என்று பாருங்கள். விளக்கு மாட்டும் முறைக்கு வீடியோ போட்டிருந்தால் வசன வரி இருக்கிறதா என்றும் பாருங்கள், தானாக வரும் வரிகளை அப்படியே விடாமல் ஒருவர் படித்துத் திருத்தட்டும்.

அவசர எண் 112 கூட இந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு 2027 ஜூன் 28 வரை தள்ளிப்போட அனுமதி. இன்னொரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: வங்கிச் சேவை பற்றிய தகவல் ஐரோப்பிய மொழி அளவில் பி2-வை (ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் நான்காவது) தாண்டிக் கடினமாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே வந்து மொழி படித்த நம் அம்மா அப்பாக்களை நினைத்துப் பாருங்கள், அவர்களை யாரும் மாற்றுத்திறனாளி என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் இது அவர்களுக்கும் உதவும்.

ஒரு லட்சம் யூரோவுக்கே உங்கள் முதலாளி பயந்தால், அயர்லாந்துச் சட்டத்தில் 18 மாதம் வரை சிறையும் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். சும்மாதான், உங்களுக்குப் பொருந்தாது.

நீலமேசை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை, அபராதம் எல்லாம் அச்சடித்து எடுத்துக்கொண்டுதான் போனேன். முதலாளி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அப்புறம் மூலைக்கல் சொன்னதைச் செய்தேன். அவர் மேசையிலிருந்த மௌஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு விளக்கு வாங்குங்கள், செலவு என்னுடையது" என்றேன். அவருடைய சொந்தக் கடை. குக்கீ அறிவிப்பிலேயே நின்றுவிட்டார். டாப் அடிக்கிறார், பின்னால் மெனு ஓடுகிறது, முன்னால் அறிவிப்பு அசையவில்லை. காதால்வாசி அண்ணா சொன்ன அதே கதை. நான்கு நிமிடம் பார்த்தார், "சரி, மௌஸைக் கொடு" என்றார். வட்டம் வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது. வாரத்தில் ஒரு நாள் இந்த வேலைக்கு மட்டும் என்று கிடைத்திருக்கிறது.

இதுவரை செய்தது: ஔட்லைன் திரும்ப வந்தது. கிளிக் வைத்த டிவ்கள் 61 இருந்தன, எண்ணிப் பார்த்துத் தலை சுற்றியது, பொருள் பக்கத்திலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை மட்டும் இப்போதைக்கு மாற்றியிருக்கிறேன். நிறப் பட்டன்களுக்கு "பித்தளை", "கறுப்பு" என்று பெயர் வந்தாயிற்று. கூடையில் சேர்த்ததும் "சேர்க்கப்பட்டது, கூடையில் 1 பொருள்" என்று ஸ்க்ரீன் ரீடர் சொல்கிறது. முகவரித் தப்புக்குச் சிவப்புக் கோட்டோடு என்ன தப்பு என்று எழுத்திலும் வருகிறது. எங்கள் தளத்தின் மொழிக் குறியைப் பார்த்தேன். ஆங்கிலம்தான். ஆறு வருடமாக.

செய்யாதது நிறைய. மாட்டும் முறை வீடியோக்கள் பழையவை, சட்டத்தில் விலக்கு என்றாலும் அதிகம் விற்கும் நான்குக்கு வசன வரி எழுதுகிறோம். போன் எண்ணுக்குப் பக்கத்தில் மெயில் வந்துவிட்டது. தளத்தில் எது இன்னும் சரியில்லை என்று ஒளிக்காமல் சொல்லும் அறிக்கைப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காதால்வாசி அண்ணா, ஒரு மணி நேரம் எங்கள் கடையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சும்மா கேட்கவில்லை, சோதனைக்கு மணிக்கணக்கில் கூலி தருவதாக முதலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். சுட்டியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

காதால்வாசி எழுதியது:

பார்த்தேன் தம்பி. தலைப்புகள் வந்துவிட்டன, ஜெர்மன் ஜெர்மனாகவே கேட்கிறது. பித்தளை விளக்கு ஒன்று கூடையில் போட்டேன், ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. பணம் கட்டும் இடம் வரை நானே போனேன், மகளைக் கூப்பிடவில்லை.

அங்கே நின்றுவிட்டது. அட்டை விவரம் எழுதும் பெட்டிக்குப் பெயர் இல்லை, "எடிட், வெற்று" என்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் வெற்று. எது மாதம், எது வருடம், எது பின்பக்க எண் என்று தெரியவில்லை.

நீலமேசை எழுதியது:

அந்தப் பெட்டி எங்களுடையது அல்ல, பணம் வசூலிக்கும் கம்பெனி தரும் ஐஃப்ரேம், அதாவது எங்கள் பக்கத்துக்குள் பொருத்திய அவர்கள் பக்கம். உள்ளே என்னால் கை வைக்க முடியாது. மூன்றாம் தரப்பு என்று விலக்கு இருக்கிறதே, அதில் வருமா?

மூலைக்கல் எழுதியது:

நீங்கள் காசும் கொடுக்காத, உருவாக்காத, உங்கள் கட்டுப்பாட்டிலும் இல்லாத உள்ளடக்கத்துக்குத்தான் அந்த விலக்கு. ஒப்பந்தம் போட்டு நீங்களே பொருத்திய பெட்டி அதற்குள் ஒளிய முடியாது என்றுதான் நான் படிக்கிறேன். எந்தப் பெட்டி, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று மூன்று வரியில் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள், காதால்வாசி சொன்னதை அப்படியே போட்டாலே போதும். பதில் வரும் வரை பில் வழியாகவோ வங்கிப் பணப் பரிமாற்றம் மூலமாகவோ கட்டும் தெரிவை மேலே கொண்டுவந்துவிடுங்கள், அது உங்கள் கோடுதானே?

நீலமேசை எழுதியது:

ஆமாம், அது எங்களுடையது. இன்று சாயங்காலமே மாற்றிவிடுகிறேன். மெயிலும் போய்விட்டது, புகாருக்கான டிக்கெட் எண் வந்திருக்கிறது. டிக்கெட் பார்க்கும் பக்கத்தை டாப் விசையில் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை.